அந்தக் கடைசி வரி



காலையில் நம்மூர் மேலவீதியில் டீயோடு பேப்பரைப் புரட்டுகிறோம். உள்பக்கம், கீழ் மூலை: ‘வயிற்று வலியால் இளம்பெண் தற்கொலை’. மறுநாள், ‘குடும்பத் தகராறில் மனமுடைந்து’. புகுந்த வீட்டுக்குப் போன பெண்களுக்கு மட்டும் எப்படி ஐயா இத்தனை வயிற்று வலி? கடைசி வரியைப் பாருங்கள்: ‘திருமணமாகி இரண்டே ஆண்டுகள் ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை’. அந்த விசாரணையில் என்ன தெரிந்தது என்று எந்த ஊர்ப் பதிப்பிலாவது படித்திருக்கிறீர்களா?

வரதட்சணைச் சாவை 1986இல் தனிக் குற்றமாக்கி, ‘திருமணமாகி ஏழாண்டுக்குள்’ என்று கணக்கு வைத்ததே வீட்டார் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்றுதான். பத்திரிகைக்காரர்களான நாம் நம்பி அச்சடிக்கிறோம்.

போலீஸ் ஸ்டேஷன் சொன்னதாயிற்றே என்பீர்கள். நம் கடலூர் மாவட்டத்துப் புதுக்கூரைப்பேட்டையை மறந்துவிட்டோமா? முருகேசன் இதோ இந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர், தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே 5, கடலூரில் பதிவுத் திருமணம். ஜூலை 8, இருவரும் உயிரோடு இல்லை. எப்படிக் கொன்றார்கள் என்று சொல்லப்போவதில்லை. அதை மட்டும்தான் எல்லோரும் விலாவாரியாக எழுதிவிட்டார்களே!

போலீஸ் என்ன செய்தது? இரு தரப்பும் சேர்ந்து கொன்றதாக வழக்கை ஜோடித்து, பிள்ளையைப் பறிகொடுத்த முருகேசனின் தகப்பனையே கைது செய்தது. பிறகு சி.பி.ஐ. வந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் கேட்டதை மட்டும் ஒரு நிருபர் அன்று எழுதியிருந்தால், அது பொய் என்று நிரூபணமாக 18 வருஷம்.

‘கௌரவக் கொலை’ என்று எழுதினோம். யாருக்குக் கௌரவம்? அது கொன்றவன் தனக்கே கொடுத்துக்கொண்ட பட்டம். இப்போது ‘ஆணவக் கொலை’ என்கிறோம், சந்தோஷம். ‘கள்ளக்காதல்’ மட்டும் இன்னும் தலைப்பை விட்டு இறங்கவில்லை. கொன்றவன் சொன்ன காரணம் அது. செத்தவள் வந்து மறுப்பு அறிக்கை விடுவாளா?

நிருபர் தம்பிகளே, ஒரு டைரி போடுங்கள். ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று எழுதிய தேதியெல்லாம் அதில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து அந்த ஆபீஸ் படியேறிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். ராத்திரிச் சத்தமெல்லாம் அவர் காதில்தான் விழுந்திருக்கும். செய்திக்கு அடியில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கட்டம் கட்டிப் போடுங்கள். நாலு வரிச் செய்தியானாலும் போடுங்கள்.