அணுவுக்கு நிறம் இல்லை

(எட்டயபுரத்தில், மாலைநேர வகுப்பு எடுக்கும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைக் கொட்டிவைத்துக்கொண்டு நிற்கிறானே என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இது ஒன்றும் புதிதில்லை. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளை இணைத்துத்தான் மூலக்கூறுகளை விளக்கினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெகோ கட்டைகளை வைத்தே வேதிவினைப் பாடங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது லெகோ அல்ல, திருவிழாக் கடையில் வாங்கியது. அதனால் பாடம் குறைந்துவிடாது.

நம் பக்கத்தில் தீக்குச்சியிலிருந்து தொடங்கலாம். 'தீப்பெட்டி ஆபீஸ்' தெரியாத பிள்ளை இங்கே கிடையாது. அம்மாவோ ஆச்சியோ கட்டை அடுக்கியிருப்பார், பெட்டி ஒட்டியிருப்பார். குச்சித் தலையில் உள்ள மருந்தில் முக்கியமானது பொட்டாசியம் குளோரேட். கூடவே கந்தகம், பசை. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். உரசினால் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனைத் தரும். அதில் கந்தகம் எரியும். குளோரேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது, ஆபத்து. கட்டையைக் கொடுக்கலாம்.

ஒரு பொட்டாசியம் குளோரேட்டுக்கு ஐந்து கட்டைகள்: பொட்டாசியம் 1, குளோரின் 1, ஆக்சிஜன் 3. இதைப் பிரித்துப் பொட்டாசியம் குளோரைடும் ஆக்சிஜன் வாயுவும் செய்யச் சொல்லுங்கள். ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். அதனால் ஒரு கட்டை மிஞ்சும். பிள்ளைகள் முழிப்பார்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒருத்தி பக்கத்துக் குழுவிடம் இன்னொரு குளோரேட்டைக் கேட்டு வாங்குவாள். இப்போது பத்துக் கட்டைகள். இரண்டு குளோரைடு, மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு. ஒன்றுகூட மிஞ்சாது, ஒன்றுகூடத் தொலையாது. சமன்பாட்டைச் சமன்செய்வது என்றால் இவ்வளவுதான். நான் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். புரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வகுப்பில் கட்டைகளைப் பங்கிட்டபோது ஒரு பையன், "அண்ணே, அந்தக் கலரு எங்களுக்கு வேண்டாம்ணே" என்றான். எந்த நிறம் என்று சொல்லப்போவதில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் பரிந்துரைத்தது.

அன்றைக்கு நான் அவனைத் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டேன்: "ஆக்சிஜன் சிவப்புன்னு யார் சொன்னது?" யாருக்கும் தெரியவில்லை. வாயுவாக இருக்கும்போது அதற்கு நிறமே இல்லை. திரவமாக்கினால் வெளிர்நீலம். கார்பன் கறுப்பு என்றால் வைரம் என்ன? நிறங்களை மனிதர்கள் தங்கள் வசதிக்காகப் பேசிவைத்துக்கொண்டார்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி நிறங்களைத் தேர்ந்துகொண்டது. சமன்பாடு எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரிதான் வந்தது. அவனும் அந்த நிறத்தைத் தொட்டான். கயிற்றை அவன் அவிழ்க்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பை கட்டையால் சாதி போகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அணுவுக்கென்று குணம் இருப்பதுபோல மனிதருக்கும் பிறவிக்குணம் உண்டு என்று யாராவது தொடங்கினால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தனிமங்கள் வேறுவேறாக இருப்பது இயற்கை. சாதி மனிதர்கள் ஏற்படுத்தியது, மனிதர்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

பிரபுல்ல சந்திர ராய் என்ற பெரிய வேதியியலாளர், இந்திய வேதியியல் வரலாற்றை எழுதியபோது இதைப் பேசியிருக்கிறார். சாதி கைத்தொழிலைத் தாழ்ந்ததாக்கியது. படித்தவர்கள் அதிலிருந்து விலகினார்கள். எப்படி, ஏன் என்று கேட்கும் அறிவியல் மனம் இங்கே தேய்ந்தது என்பது அவர் வாதம். கரிசல் காட்டிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் உழைத்த கைகளுக்குப் பொருளைத் தெரியும், சமன்பாடு தெரியாது. சமன்பாடு வைத்திருந்தவர்கள் பொருளைத் தொடவில்லை. இந்த இரண்டையும் ஒரே பிள்ளையின் கையில் சேர்ப்பதுதான் நம் வேலை.

கடைசியாக ஒன்று. தீக்குச்சி ஏன் சுடுகிறது என்று கட்டை சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். 'உங்கள் பிள்ளைகளுக்குப் பொம்மை போதும்' என்று யாரும் சொல்ல நாம் இடம் கொடுக்கக் கூடாது. கட்டையில் கற்ற பிள்ளை, பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தின் சாவியைக் கேட்க வேண்டும். அதைக் கேட்கும்போது நாம் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும்.