ஏரியும் கண்ணாடித் தொட்டியும்



பழனிமலைத் தொடரின் உச்சியில், கடல் மட்டத்திற்கு 7,000 அடிக்கு மேல், விண்மீன் வடிவில் விரிந்து கிடக்கிறது கோடைக்கானல் ஏரி. இஃது இயற்கை அளித்த ஏரி அன்று. மதுரை மாவட்ட ஆட்சியராய் விளங்கிய வீர் ஹென்றி லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டில் அமைத்தது. இதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். இங்கே பாசியும் நீர்க்களையும் படர்வதும், அவற்றை ஆட்களும் இயந்திரங்களும் அகற்றுவதும், அகற்றியவை மீண்டும் தழைப்பதும் பல்லாண்டுகளாய் நிகழ்கின்றன. களைந்தும் களைந்தும் ஒழியாமைக்குக் காரணம் யாது? பெரிய ஏரியின் புதிரைச் சிறியதொரு தொட்டியைக் கொண்டு விடுவிக்கலாம்.

கடல்நீரில் பவளமும் மீனும் வளர்க்கும் தொட்டிகள் உலகெங்கும் வீடுகளில் உள்ளன. (நம் கடலிலுள்ள கற்பவளங்களைப் பறித்தல் குற்றமாகும், 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன.) அத்தகைய தொட்டியின் கண்ணாடியில் சில நாட்களிலேயே பச்சைப் படலம் படியும். சுரண்டினால் போய்விடும், மீண்டும் வரும். ஏனெனில், பாசிக்கு வேண்டிய உணவு நீரிலேயே கரைந்திருக்கிறது. மீன் உண்ணாது விட்ட இரையும், அதன் கழிவும் அழுகி அம்மோனியாவாகின்றன. நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு எரு. விளக்கொளி அதற்கு வெயில்.

ஆகவே, தொட்டியைப் பேணுவோர் சுரண்டுவதோடு நிற்பதில்லை. மீன்கள் உடனே உண்ணும் அளவே இரையிடுவர். அடியிற் படிந்த கசடைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுவர். வாரந்தோறும் நீரில் பத்தில் ஒரு பங்கு அளவை மாற்றுவர்; புதுநீர் பழைய நீரின் உப்பளவும் வெப்பமும் உடையதாதல் வேண்டும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும்போது உப்பு எஞ்சி நிற்றலால், குறைந்த அளவை உப்பில்லாத தூயநீரால் நிரப்புவர். விளக்கெரியும் நேரத்தையும் வரையறுப்பர். பாசியை மேயும் நத்தைகளையும் துணைக்கொள்வர். வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவார். கழுவின், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மாண்டுபோகும்.

பாசியினம் முழுவதும் பகையென எண்ணற்க. பவளத்தின் உடலுக்குள்ளேயே நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளியால் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை அடக்கி 1986-இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவின் பவளப்பாறைகள் தழைப்பது இந்த நட்பினாலேயே. ஆயின், வெளிப்பாசி மிகுந்து பவளத்தை மூடிவிட்டால், ஒளியின்றி அது வாடும். அங்கே பாசியை மேய்ந்து அளவில் நிறுத்துபவை மீன்கள். அளவே இங்கு நீதி.

இனி, ஏரிக்கு மீள்வோம். நகரின் கழிவுநீரும், சரிவுகளின் வளமான மண்ணும், கரையில் எறியும் உணவுக் குப்பையும் ஏரிக்கு இடும் மிகை இரையே. அதனை உண்டு களை தழைக்கிறது. வெட்டிய களையை நீரிலேயே அழுகவிட்டால், உண்ட எரு மீண்டும் நீருக்கே சேரும். அழுகும்போது பிராணவாயுவும் குறைந்து மீன்கள் திணறும். எனவே, களையைக் கரையேற்றி அப்பால் கொண்டுசெல்லுதல் வேண்டும். அதனினும் முதன்மையானது, கழிவுநீர் ஏரியைச் சேராது தடுத்தல். தொட்டியின் நீரை வாரந்தோறும் மாற்றலாம். 60 ஏக்கர் ஏரியின் நீரை யார் மாற்றுவார்? ஏரி வழிந்தோடும் நீரே வெள்ளி அருவியாய் வீழ்ந்து கீழ்நிலங்களுக்குச் செல்கிறது. நாம் இங்கே கலக்கும் அழுக்கு அவ்வழியே இறங்கும்.

விடுமுறையில் கோடைக்கானல் செல்லும் மாணவர்களே! ஏரிக்கரையில் எச்சில் இலையையும் தின்பண்ட மிச்சத்தையும் எறியாதீர். பாசியைக் கண்டு முகஞ்சுளிக்குமுன், அதற்கு உணவிட்டவர் யாவர் என்று வினவுவோமாக.