ஆங்கிலச் 'செட்டு'ம் தமிழ்ச் சொற்களும்



ஆங்கிலத்தில் 'செட்டு' என்று ஒரு சிறுசொல் உண்டு. மூன்றே எழுத்து. 1989-இல் 20 மடலங்களாக வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடம் பெற்றது அச்சொல்லே. வினையாக மட்டும் அதற்கு 430-க்கு மேற்பட்ட பொருள்கள்; அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள்! பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில், ஓட்டத்தைக் குறிக்கும் 'ரன்' 645 பொருள்களோடு அதனை முந்திற்று என்பது 2011-இல் வெளிவந்த செய்தி.

உண்மையில் அஃது ஒரு சொல்லன்று, இரு சொற்கள். அமர்தலைக் குறிக்கும் 'சிட்' என்பதன் பிறவினையாகப் பழைய ஆங்கிலத்திற் பிறந்தது ஒன்று. தமிழில் 'இரு' என்பது 'இருத்து' என்றானாற் போல. குழுவைக் குறிக்கும் மற்றொன்றோ, இலத்தீனிலிருந்து பழம்பிரெஞ்சின் வழி வந்தது. ஒலி ஒன்றானமையால் இரண்டும் ஒன்றெனவே மயங்கின.

பல பொருள் தாங்குவது ஒரு சொல்லுக்கு இழுக்கன்று. தமிழில் 'படு' என்பதைப் பாருங்கள்: ஞாயிறு படும், கண்ணிற் படும், களத்தில் மறவன் படுவான், மரம் பட்டுப்போகும். இவ்வொரு சொல்லைக் கற்கும் ஆங்கிலேயன் திணறத்தான் செய்வான்.

இழுக்கு வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலேயன் 'செட்டு' என்று ஒன்றாற் கூறுவனவற்றைத் தமிழ் உழவனும் கொல்லனும் ஆய்ச்சியும் தனித்தனிச் சொல்லாற் கூறினர். ஞாயிறு மறையும். தயிர் தோயும். சுண்ணச்சாந்து இறுகும். மரம் காய்பிடிக்கும். கல்லைப் பொன்னிற் பதிப்பர், எழுத்தை அச்சிற் கோப்பர், கோழியை அடைவைப்பர், பறவைக்குக் கண்ணி வைப்பர். கணக்குநூலிற் கூடத் தமிழகத்தார் 'கணம்' என்றனர். இலங்கைத் தமிழர் 'தொடை' என்றனர். தொடுக்கப்பட்டது தொடை, எத்துணை அழகு!

இன்றோ தயிரும் 'செட்டாக'வில்லை, பெண்ணுக்குப் பார்த்த இடமும் 'செட்டாக'வில்லை, தோழர்களும் ஒரே 'செட்டு', நீரிறைக்கும் பொறியும் 'செட்டு', தோசையும் 'செட்டு'! 'செட்டு' என்றொரு தமிழ்ச்சொல்லே உண்டு. சிக்கனம் என்பது அதன் பொருள். 'செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்று பாட்டிமார் கூறுவர். அச்சொல் இளையோர் காதுக்கு இன்று புரிவதில்லை. ஒலி ஒத்த வேற்றுச்சொல் அதன் இருக்கையிலே அமர்ந்துகொண்டது.

தையற்கடைக்கு ஓர் இளைஞன் வருகிறான். "சட்டை செட்டாகவில்லை" என்கிறான். தைப்பவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இறுக்குகிறதா, தம்பி? தொளதொளக்கிறதா? தோளிற் பிடிக்கிறதா? கை குட்டையா?" என்று அவரே ஒவ்வொன்றாக வினவுகிறார். அவர் வாயிலிருந்து வந்த அந்நான்கும் தமிழ்ச்சொற்களே. இளைஞன் சற்று எண்ணிப் பார்த்து, "தோளிலேதான் பிடிக்கிறது" என்கிறான். அளவுநாடாவை எடுக்கிறார் தையற்காரர்.