சொன்னது சொன்னபடி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



"பத்து நிமிஷம் பேசுங்க, பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் தொழிலால் இன்ஜினீயர். பொழுதுபோக்கால் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரன். எனவே ஒரு செய்தியை ரேடியோவில் கைமாற்றிக் கைமாற்றிச் சிதையாமல் கொண்டுசேர்ப்பது எப்படி, அதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்று சொல்லலாம் என வந்திருக்கிறேன்.

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, இது எதுக்கு?" என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நியாயமான கேள்விதான். 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. மின்சாரம் போயிற்று. பல இடங்களில் செல்போனும் ஊமையாயிற்று. அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-ல், வர்தா புயல். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாளில் ஹாம் ரேடியோவுக்கு வேண்டியது ஒரு செட், ஒரு கார் பாட்டரி, கட்டித் தொங்கவிட ஒரு கம்பி. நடுவில் எந்தக் கம்பெனியின் கோபுரமும் தேவையில்லை.

ஆனால் செட் இருந்தால் மட்டும் போதாது. என் குரல் எட்டாத இடத்தில் ஒருவர் இருக்கிறார். நடுவில் இன்னொருவர் இருவரையும் கேட்கிறார். என் செய்தியை அவர் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். இதற்குத்தான் ரிலே என்று பெயர். 1914-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவருக்கு இந்தப் பிரச்சினைதான் வந்தது. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டை நேரடியாகப் பிடிக்க முடியவில்லை. இடையில் இருந்த இன்னொரு ஹாமைக் கேட்டு, அவர் வழியாகச் செய்தியை அனுப்பினார். அதே ஆண்டு அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரே அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக். ரிலே என்ற சொல் இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது.

செய்தி கைமாறும்போது என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்றார்களாம். தெருக்கோடிக்குப் போவதற்குள் அவன் காக்காயாகவே வாந்தி எடுத்தான் என்று ஆகிவிட்டதாம். கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது நம் சுபாவம். திண்ணைப் பேச்சில் அதனால் நஷ்டமில்லை. வெள்ள நிவாரணத்தில் அது உயிரோடு விளையாடுவது.

ஒரு பயிற்சிச் செய்தியைச் சொல்கிறேன். "பிள்ளையார்பாளையம் பள்ளி முகாமில் 60 பேர். 4 கைக்குழந்தைகள். பால் பவுடர் 10 பாக்கெட் உடனே தேவை." இதை இரைச்சலில் கேட்டுப் பாருங்கள். அறுபதா, இருபதா? காதில் விழுவது "...பது" மட்டும்தான். இருபது என்று எழுதிக்கொண்டால் நாற்பது பேருக்குச் சாப்பாடு இல்லை. அதனால் "அறுபது, ஆறு, சைபர்" என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரிலும் இதே ஆபத்து உண்டு. முத்தியால்பேட்டை என்றால் வாலாஜாபாத் சாலையில் உள்ளதா, சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ளதா? காஞ்சிபுரம் என்றால் பெரிய காஞ்சிபுரமா, சின்ன காஞ்சிபுரமா? உள்ளூர்க்காரனுக்குச் சந்தேகம் வராது. உதவிக்கு வெளியூரிலிருந்து லாரி ஓட்டி வருகிறவருக்கு வரும்.

இதற்காகவே செய்தித்தாள் என்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். மேலே செய்தியின் எண். அடுத்து அவசரத்தின் அளவு: எமர்ஜென்சி, பிரையாரிட்டி, வெல்ஃபேர், ரொட்டீன் என்று நான்கு படி. பிறகு எந்த நிலையம் முதலில் அனுப்பியது, எத்தனை சொற்கள், எந்த ஊர், நேரம், தேதி. அதன் கீழே யாருக்கு, என்ன செய்தி, யார் கையெழுத்து. நான் சொன்ன செய்தியில், எண்களையும் சேர்த்து, 13 சொற்கள். வாங்குகிறவர் எழுதி முடித்து எண்ணிப் பார்க்கிறார். 12 வந்தால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உடனே, "'பேர்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைத் திரும்பச் சொல்லவும்" என்று அந்த இடத்தை மட்டும் கேட்கிறார். முழுவதும் சரியாகக் கைக்கு வந்தபிறகுதான் "ரோஜர்" சொல்ல வேண்டும். தந்தி ஆபீசில் சொற்களை எண்ணிக் காசு வாங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்தி நின்றுபோனது. எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஹாம்களிடம் தொடர்கிறது.

தமிழில் செய்தி அனுப்பினால் இன்னொரு சிக்கல். 'பால்பவுடர்' ஒரு சொல்லா, இரண்டா? அனுப்புகிறவர் ஒரு மாதிரி, வாங்குகிறவர் வேறு மாதிரி எண்ணினால் கணக்கு உதைக்கும். இதையெல்லாம் வெள்ளத்தன்று உட்கார்ந்து விவாதிக்க முடியாது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிலே செய்கிறவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு சொல்லையும் மாற்றாதே. "பால் பவுடர் பத்து போதாதே, இருபதுன்னு சொல்லிடுவோம்" என்று நல்லெண்ணத்தில் திருத்தவும் கூடாது. தவறு என்று தோன்றினால் அனுப்பியவரையே திரும்பக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் ஒருவர், பொறுப்பு அவருடையது. நாம் சுமந்து செல்பவர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். கோர்வைச் சேலை நெய்யும்போது தறியில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். ஒரு பக்கக் கரைக்கான நாடாவை உதவியாளர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். அவர் ஒரு இழை தவறினால் உடலும் கரையும் சேரும் இடத்தில் கோணல் தெரிந்துவிடும். நெசவாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவரின் கை பழகியிருக்க வேண்டும். முகூர்த்தச் சேலையில் யாரும் கை பழகுவதில்லை.

பழகிய கை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அந்தமானில் ஏறத்தாழ 17 ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பு இல்லாமல் இருந்தது. 2004 டிசம்பரில் அனுமதி பெற்று, ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையார் குழுவோடு போர்ட் பிளேர் சென்றார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, போன்கள் செத்தன. அந்த நிமிடத்திலிருந்து பொழுதுபோக்கு நிலையம் அவசர நிலையமாயிற்று. கார் நிகோபாருக்கும் ஆட்கள் செட்டோடு போனார்கள். "என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா?" என்று கரையில் தவித்தவர்களுக்குப் பதில் இவர்கள் வழியாகப் போனது. ஒரு பெயர் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு வீட்டில் வீண் அழுகை, இன்னொரு வீட்டில் வீண் நம்பிக்கை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டு விதிகளின்படி, சாதாரண நாளில் மூன்றாம் நபரின் செய்தியை ஹாம் சுமக்கக் கூடாது. பூகம்பம், வெள்ளம், புயல் என்று வரும்போது கலெக்டர் போன்ற அதிகாரிகளின் செய்திகளைக் கொண்டுசெல்லலாம். அதாவது, நிஜ வேலை வருவது ஆபத்து நாளில் மட்டும். தபால்காரருக்குத் தினமும் பழக்கம் உண்டு. நமக்கு அது கிடையாது. அதனால்தான் ஹாம்கள் தங்களுக்குள்ளேயே பயிற்சிச் செய்திகளை அனுப்பிப் பழக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1933 முதல் ஜூன் மாதந்தோறும் ஃபீல்டு டே நடத்துகிறார்கள். செட்டை வெட்டவெளிக்குத் தூக்கிப்போய், லைன் கரண்ட் இல்லாமல் பேசிப் பழகுகிறார்கள். நம் ஹாம்களிலும் பலர் காலை வேளையில் நெட் கூடிப் பேசுகிறோம். ஆனால் வணக்கம் சொல்லி, சிக்னல் ரிப்போர்ட் கொடுத்துக் கலைவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒரு செய்தி எழுதி, எண்ணி, மூன்று கை மாற்றிப் பார்த்தால் அது பயிற்சி. ஒன்று மறக்கக் கூடாது: ஒவ்வொரு பயிற்சிச் செய்தியும் "இது பயிற்சி" என்று தொடங்கி, "இது பயிற்சி" என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் வழியில் கேட்டவர் பால் பவுடரோடு கிளம்பிவிடுவார்!

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் முன்னாள் மாணவர்களில் உரிமம் பெற்ற ஹாம்கள் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் எடுப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நெட் கூடுவோம். மாணவர்கள் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வை எழுதி உரிமம் வாங்கட்டும். 12 வயது நிரம்பினால் போதும். உரிமம் வரும்வரை டிரான்ஸ்மிட்டரைத் தொடக் கூடாது. ஆனால் பயிற்சிக்குச் செட்டே தேவையில்லை. ஐந்து பேர் ஐந்து அறையில் உட்காருங்கள். படிவத்தில் எழுதிய செய்தியை ஒருவர் அடுத்தவருக்குக் கதவுக்கு வெளியே நின்று வாசிக்கட்டும். முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை காக்காய் பறந்தது என்று தெரியும்.

2019-ல் அத்தி வரதரைப் பார்க்க 48 நாள் நம் ஊருக்கு வந்த கூட்டத்தை நாம் கண்டிருக்கிறோம். அப்படி ஒரு கூட்டமோ, அப்படி ஒரு மழையோ மறுபடியும் வரும். அன்றைக்குக் கலெக்டர் ஆபீசிலிருந்து "செய்தி கொண்டுபோக ஆள் உண்டா?" என்று கேட்டால், நம் கல்லூரியிலிருந்து பத்துப் பேராவது பென்சிலும் படிவமுமாக எழுந்து நிற்க வேண்டும். படிவத்தின் நகல்கள் நூறு கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.