விடையைச் சொல்லாதீங்க, கேள்வியைக் கொடுங்க!

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்குப் போட்டி பற்றிப் பேசணும்னு கேட்டாங்க. "பிள்ளைங்க எழுதுற போட்டிக்கு எங்ககிட்ட என்ன பேச்சு?"ன்னு நீங்க நினைக்கலாம். இந்தப் போட்டிக்கு வேண்டிய பழக்கம் பள்ளிக்கூடத்தில் பாதிதான் வரும். மீதிப் பாதி வீட்டில்தான் வரணும். அதனால்தான் உங்ககிட்ட பேசுறேன்.

பரீட்சைக் கணக்கு வேற, போட்டிக் கணக்கு வேற. பரீட்சையில், வகுப்பில் போட்ட கணக்கே எண்ணை மாத்தி வரும். வழி தெரிஞ்சிருந்தா போதும். போட்டியில் வர்ற கேள்வியைப் பிள்ளை முன்னே பார்த்தே இருக்காது. வழியையும் அதுவே கண்டுபிடிக்கணும்.

ஒரு உதாரணம். முதல் வாரம் 1 ரூபாய், இரண்டாம் வாரம் 2 ரூபாய், இப்படியே 52ஆவது வாரம் 52 ரூபாய் சேமிக்கிறோம். வருஷக் கடைசியில் எவ்வளவு இருக்கும்? ஒவ்வொன்றாகக் கூட்டலாம், நேரம் ஆகும். கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க. முதல் வாரமும் கடைசி வாரமும் சேர்ந்தா 53. இரண்டாம் வாரமும் 51ஆம் வாரமும் சேர்ந்தாலும் 53. இப்படி 26 ஜோடி. 26 பெருக்கல் 53, மொத்தம் 1,378 ரூபாய். இதில் புதுச் சூத்திரம் எதுவும் இல்லை. பார்க்கிற விதத்தைத்தான் மாத்தினோம்.

இன்னொண்ணு. 9 மசாலா பாக்கெட், பார்வைக்கு எல்லாம் ஒண்ணு போல. ஒண்ணு மட்டும் எடை குறைவு. எடைக்கல் கிடையாது, ரெண்டு தட்டுத் தராசு மட்டும் இருக்கு. ரெண்டே தடவை நிறுத்துக் கண்டுபிடிக்கணும். பெரும்பாலும் எல்லாரும் இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 வைப்பாங்க. அப்படி வச்சா மூணு தடவை நிறுக்க வேண்டி வரலாம். தராசு என்னென்ன சொல்லும்னு யோசிங்க. இடது தட்டு ஏறலாம், வலது தட்டு ஏறலாம், ரெண்டும் சமமாவும் நிக்கலாம். மூணு பதில்! அதனால் மூணு மூணாகப் பிரிங்க. ஒரு பக்கம் 3, மறுபக்கம் 3. எந்தத் தட்டு மேலே போகுதோ அதில்தான் குறை. சமமா நின்னா, வெளியே வச்ச மூணில் இருக்கு. அந்த மூணில் தட்டுக்கு ஒண்ணு வச்சு மறுபடி நிறுத்தா முடிஞ்சது.

பெரிய கேள்வி மிரட்டினா, சின்னதாக்கிப் பார்க்கணும். 30 பேர் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு தடவை கைகுலுக்கினா மொத்தம் எத்தனை? 2 பேருக்கு 1. 3 பேருக்கு 3. 4 பேருக்கு 6. இப்படிப் போட்டுப் பார்க்கும்போதே வழி தெரியும். ஒவ்வொருத்தரும் 29 பேரோட குலுக்குறாங்க, ஆனா ஒவ்வொரு குலுக்கலும் ரெண்டு தடவை எண்ணப்படுது. 30 பெருக்கல் 29ஐப் பாதியாக்கினா 435.

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னது நாலு படி. கேள்வியைப் புரிஞ்சுக்கோ. ஒரு திட்டம் போடு. அதைச் செய்து பார். முடிச்ச பிறகு திரும்பிப் பார். நாலாவது படியைத்தான் பிள்ளைங்க விட்டுடுறாங்க.

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் வருமா?

ஈரான் நாட்டில் மரியம் மிர்சாகானி என்று ஒரு பெண். 1 முதல் 100 வரை வேகமாகக் கூட்டும் வழியை அவருடைய அண்ணன் வீட்டில் சொல்லிக் கொடுத்தார். நாம இப்ப சேமிப்புக்குப் போட்டோமே, அதே வழிதான். கணக்கில் அழகு இருக்குன்னு அவருக்கு அன்றுதான் தெரிந்தது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, ஆண் பிள்ளைகள் பள்ளியில் நடக்கிற மாதிரிப் போட்டிக் கணக்கு வகுப்பு எங்களுக்கும் வேணும்னு அவரும் தோழியும் தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டார்கள். அதுவரை ஈரான் அணியில் ஒரு பெண் கூடப் போனதில்லை. அந்த அம்மா தயங்காமல் ஏற்பாடு செய்தார். 1994இல் உலக ஒலிம்பியாட்டில் மரியம் தங்கம் வாங்கினார். 1995இல் 42க்கு 42 எடுத்து மறுபடியும் தங்கம். 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 2017இல், 40 வயதில், புற்றுநோயால் காலமானார்.

வீட்டில் ஒருத்தர் ஒரு கணக்கைச் சொன்னார், பள்ளியில் ஒருத்தர் "சரி"ன்னு சொன்னார். ரெண்டும் செலவில்லாத காரியம்.

நாம என்ன செய்யலாம்?

* "விடை என்ன?"ன்னு கேட்காதீங்க. "எப்படி யோசிச்சே?"ன்னு கேளுங்க. உங்களுக்கே விடை தெரியாட்டியும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.
* தினமும் அரை மணி நேரம் பிள்ளையைத் தொந்தரவு பண்ணாம விடுங்க. பையன் படிக்கும்போது விட்டுட்டு, பொண்ணை மட்டும் பாத்திரம் கழுவக் கூப்பிடாதீங்க. வேலையை ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுங்க.
* தப்பாப் போட்டா திட்டாதீங்க. தாளைக் கிழிக்க விடாதீங்க. நாளைக்கு அதையே மறுபடி பார்க்கட்டும்.
* கோச்சிங்குக்குன்னு குழுவில் கடன் எடுக்க அவசரப்படாதீங்க. ஒலிம்பியாட் பழைய கேள்வித்தாள்களை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கு. கேள்வி இங்கிலீஷில் இருந்தா கணக்கு ஆசிரியரிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்க.
* சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் வகுப்புக்கு ஏற்றபடி பல நிலைகளில் திறனறிப் போட்டி நடத்துது. தலைமை ஆசிரியரிடம் போய் விசாரிங்க. ஒருத்தரா போகாம குழுவாப் போங்க.

ஒண்ணு மறைக்காமச் சொல்றேன். உலக ஒலிம்பியாட்டுக்கு நம்ம நாட்டிலிருந்து வருஷத்துக்கு 6 பேர்தான் போறாங்க. பரிசு எல்லாருக்கும் கிடைக்காது. ஆனா தெரியாத ஒரு சிக்கல் எதிரே வரும்போது "எனக்கு வராது"ன்னு ஓடாம, உட்கார்ந்து நாலு விதமா யோசிக்கிற தைரியம் வரும். அது நம்ம பொண்ணுங்களுக்கு ஆயுசுக்கும் உதவும்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைங்ககிட்ட இதைக் கேளுங்க: "ஒரு குழுவில் 13 பேர் இருந்தா, ரெண்டு பேராவது ஒரே மாசத்தில் பிறந்திருப்பாங்க. ஏன்?" ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை, விடையை மட்டும் நீங்க சொல்லிடாதீங்க.