பாம்புக்கடி: விஷமுறிவு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தள கார் பார்க்கிங்கில் பாம்பைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னதிலிருந்து பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "டாக்டர், விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாமே, அப்போது என்ன செய்வது?" நியாயமான கேள்வி.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் முக்கியமாக இரத்தம் உறையாமல் போகும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் தசைகள் செயலிழக்கும். முதலில் கண் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுவிடும். உயிர் போவது அதனால்தான்.

இந்த நான்கு பாம்புகளுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். குதிரையின் புரதம் என்பதால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், வாந்தி வரும். சிலருக்கு மூச்சு இளைப்பும் இரத்த அழுத்தக் குறைவும் வரலாம்.

அப்படி வந்தால் மருத்துவர் டிரிப்பை நிறுத்திவிட்டு, உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போடுவார். நிலைமை சீரானதும் அதே மருந்தை மெதுவாக மறுபடி ஏற்றுவார். பெரும்பாலானோருக்கு இதுவே போதும். ஆகவே ஒவ்வாமைக்குப் பயந்து மருந்தே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முன்பு எப்போதாவது இந்த மருந்து ஏற்றியிருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடி ஏற்றியும் உடல் ஏற்காத சிலர் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. நல்ல பாம்பின் விஷம், நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நியோஸ்டிக்மின் என்ற ஊசி அந்தச் செய்தியைச் சுமக்கும் வேதிப்பொருளைச் சீக்கிரம் அழியவிடாமல் காத்து, அதன் அளவைக் கூட்டும். தொங்கிய இமை மேலே எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதயத் துடிப்பு குறையாமலும் எச்சில் பெருகாமலும் இருக்க, கூடவே அட்ரோபின் கொடுப்பார்கள்.

கட்டுவிரியன் கடியில் இந்த ஊசி பெரும்பாலும் உதவாது. அதன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடும். முனை மறுபடி வளர நாட்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். முழுதும் செயலிழந்தவர் கண் திறக்கமாட்டார், விரல்கூட அசையாது. மூளைச்சாவு போலவே தெரியும். ஆனால் அவருக்கு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது காதில் விழலாம். பக்கத்தில் நின்று அழாதீர்கள், "போதும், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்" என்றும் சொல்லாதீர்கள். காத்திருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்கு வருவார்.

நம் கையில் இருப்பவை இவை. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். கடிபட்ட கை கால் அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். வென்டிலேட்டர் வசதி உள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். எச்சில் விழுங்க முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஆஸ்பத்திரி வரும்வரை அதுவே அவருக்கு வென்டிலேட்டர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது. வலியும் வீக்கமும் அவ்வளவாக இருக்காது. விடிந்ததும் வயிற்று வலி என்பார், இமை தொங்கும். நம் வளாகத்தில் தரையில் படுப்பவர்கள் யார்? இரவுக் காவலாளிகளும் வேலையாட்களும்தான். அவர்களுக்குக் கட்டிலும் கொசுவலையும் டார்ச் லைட்டும் சங்கச் செலவில் வாங்கித் தர வேண்டும். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் பக்கத்து மருத்துவமனைகள் எவை என்று விசாரித்து, பட்டியலை வாசல் காவல் அறையில் ஒட்ட வேண்டும். இரண்டையும் மழைக்கு முன்பே முடித்துவிடலாம். பொருளாளர் அவர்கள் இன்றைய தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.