கண்ணகி ஏவிய நெருப்பு



கொடுங்கோலை எதிர்த்து எழுந்தோர் கதைகளைத் தமிழிலே தேடுவோமாயின் முதலில் நம்முன் வந்து நிற்பவள் கண்ணகி. கற்பனையென்பார் கற்பனையென்க, தெய்வமென்பார் தெய்வமென்க. புங்குடுதீவிலும் வற்றாப்பளையிலும் அவளுக்குக் கோயில் எடுத்த நாம், அவள் செய்தவற்றை ஒழுங்காக எண்ணிப் பார்த்தோமா?

அவள் முதலிற் கையிலெடுத்தது நெருப்பையன்று, சிலம்பை. அரசவை ஏறி வழக்குரைத்தாள். தன் சிலம்பினுள் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பிலோ முத்து. உடைத்துக் காட்டினாள். சான்று அவ்வளவே! பாண்டியன் பிழையுணர்ந்து மாண்ட பின்னரே மதுரை எரிந்தது. அப்போதும் எவரெவரைத் தீண்டலாகாது என நெருப்புக்கு அவள் கட்டளையிட்டாள். முதியவரும் குழந்தையும் பசுவுங்கூட அக்கட்டளையுள் அடங்குவர்.

காப்பியத்து நெருப்பு சொற்கேட்டது. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கி வாயிலில் வெடித்த லொறிக் குண்டு எவர் சொல்லைக் கேட்டது? தொண்ணூறு பேரளவில் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அலுவலகம் சென்ற எழுதுவினைஞரும் வீதியிற் சென்ற வழிப்போக்கரும் எந்தக் கொடுங்கோலை ஏந்தினர்?

அரசு சூட்டும் பெயரைக் கொண்டு நாம் எல்லை வகுக்கவில்லை. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே வெறுங்கையோடு அமர்ந்த சத்தியாக்கிரகிகள்மீதும் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் ஏவப்பட்டன. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, பயங்கரவாதம் என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறாமலே, பதினெட்டு மாதம் வரை விளக்கமின்றி மறியலில் வைக்க வழி செய்தது; பொலிஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் சான்றாக்கியது. மூன்றாண்டுக்கென வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

“அரசு அறம் பாராதபோது நாம் மட்டும் பார்ப்பதோ?” என்று கேட்பார் உளர். 1995 யூலை 9 அன்று நவாலித் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த நம் மக்கள்மீது விமானம் குண்டு பொழிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. குற்றமற்றோரைக் கொல்லலாகாது என்பதே அதற்கெதிரான நமது வழக்கு. வேறு வழக்கு நமக்கில்லை. மத்திய வங்கிக்கு அவ்விதியைத் தளர்த்தினால் நவாலிக்கு எவ்வாயால் நீதி கேட்போம்?

இன்னுமொன்று. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்துப் புலிகள் வெளியேற்றினர். அன்று வீதியில் நடந்தவர்களுள் கைக்குழந்தையோடு சென்ற தாய்மார் எத்தனை பேர்! வெண்காயப் பாத்தியிற் புல்லுப் பிடுங்கும் கமக்காரனும் பயிர் எது, களை எது என்று குனிந்து பார்த்தன்றோ கைவைக்கிறான்?

இயக்கத்துள் இருந்த ஒருவரே, கோவிந்தன் என்னும் பெயரில், 1985இல் ‘புதியதோர் உலகம்’ என்ற நாவலை எழுதினார். விடுதலை வேண்டிப் புறப்பட்ட இளைஞர் தம் தோழரையே வதைத்த முகாம்களை அது காட்டுகிறது. நமது வாசிகசாலைகள் எத்தனையில் அந்நூல் இருக்கிறது? கண்ணகி கதையை ஆண்டுதோறும் படித்து முடிக்கும் ஊர்கள், அடுத்த மாதம் இதனையும் எடுத்து வைத்துப் பேசட்டும்.